கம்பி தாவிய ரீங்காரம்

அமெரிக்கப் பண்ணை வீடுகளில் டெலிபோன் வைத்திருந்தவர்களுக்கு நன்றாகப் பழகிய சத்தம் ஒன்று உண்டு. எதிர்முனையில் பேசுகிறவரின் குரலுக்கு அடியில் விடாமல் இரைந்துகொண்டிருக்கும். அவர் மூச்சு வாங்க நிறுத்தினால் மேலே எழும்பும். டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் நின்றால் கேட்கும் கனத்த முனகல் அல்ல இது. அதைவிட மெலிதானது, கூர்மையானது. விநாடிக்கு 540 அதிர்வு. அந்த நாட்டு மின்சாரத்தின் அலைவெண் 60 ஹெர்ட்ஸ். அதன் ஒன்பதாவது மடங்கு இந்த 540. மின்கம்பியில் பிறந்து, தனக்குச் சம்பந்தமே இல்லாத டெலிபோன் கம்பியில் தாவி ஏறி, ஒரு மனிதக் காது வரைக்கும் வந்து சேர்கிற இந்த ரீங்காரத்தைத் துரத்திப் பிடிக்க இரண்டு பெரிய தொழில்கள் நூறு ஆண்டு செலவழித்தன. அதில் பாதிக் காலம் ஒன்றையொன்று குற்றம் சாட்டுவதிலேயே போனது.

இது பிறக்கும் இடம் டிரான்ஸ்பார்மருக்குள் அடுக்கியிருக்கும் இரும்புத் தகடுகள். இரும்பு ஓரளவுக்குத்தான் காந்தமாகும். அந்த எல்லையை நெருங்கினால் முரண்டு பிடிக்கும். அப்போது டிரான்ஸ்பார்மர் மின்னோட்டத்தைச் சீராக இழுக்காமல், அலையின் உச்சியில் மட்டும் குத்தலாக இழுக்கிறது. உருண்டையான அலை கூம்பிப் போகிறது. கூம்பிய அலையைப் பிரித்துப் பார்த்தால் 60-உடன் 180, 300, 420, 540 என்று ஒற்றைப்படை மடங்குகள் வரிசையாக நிற்கும். வீணைத் தந்தியை மீட்டினால் அடிப்படைச் சுருதியோடு அதன் மடங்குகளும் கூடவே ஒலிப்பது போலத்தான். இந்த மடங்குகளை ஹார்மோனிக் என்கிறார்கள். ஊர் தூங்கி, சுமை குறைந்து, கம்பியில் வோல்டேஜ் கொஞ்சம் ஏறிவிட்டால் இரும்பு இன்னும் முரண்டுகிறது. ஹார்மோனிக் இன்னும் பெருகுகிறது. மின்சாரத்தை யாரும் பயன்படுத்தாத நேரத்தில் டெலிபோன் அதிகமாக இரைகிறதே என்று குழம்பியவர்களுக்கு விடை இதுதான்.

இத்தனை மடங்குகளில் 540-ஐ மட்டும் ஏன் தனியாகச் சொல்ல வேண்டும்? அளவில் பார்த்தால் 180 தான் மூத்தது, பெரியது. ஆனால் டெலிபோன் தாழ்ந்த ஒலிகளைக் கடத்துவதில் மந்தம், காதும் அப்படியே. போதாததற்கு, அலைவெண் ஏற ஏற ஒரு கம்பியிலிருந்து இன்னொரு கம்பிக்குத் தாவுவதும் எளிதாகிறது. மூன்றையும் சேர்த்து அமெரிக்கப் பொறியாளர்கள் ஓர் எடைப் பட்டியல் தயாரித்தார்கள். டெலிபோன் தொந்தரவுக் கணக்கு என்று சொல்லலாம். 1960-இல் திருத்திய அந்தப் பட்டியலில் 60 ஹெர்ட்ஸுக்கு எடை 0.5, 180-க்கு 30, 540-க்கு 1320, 1000-க்கு 5000. அதாவது 540-இல் ஓடும் 1 ஆம்பியர், 60-இல் ஓடும் 2640 ஆம்பியருக்குச் சமமான தொந்தரவு. 180-இன் அளவில் நாற்பத்து நான்கில் ஒரு பங்கு இருந்தாலே போதும், 540 அதற்குச் சமமாக இரையும். மின்சாரக் கம்பெனிக்காரரின் மீட்டரில் அது தூசு. டெலிபோனில் அது பூதம். சண்டைக்கு வேறென்ன வேண்டும்?

இந்த ரீங்காரத்துக்கு மூதாதைகள் உண்டு. 1876-இல் கிரகாம் பெல்லின் டெலிபோன் வந்தபோது அதற்கென்று தனியான கம்பி முறை எதுவும் இல்லை. தந்திக்காரர்கள் செய்ததையே அதற்கும் செய்தார்கள்: கம்பத்தில் ஒரே ஓர் இரும்புக் கம்பி, திரும்பும் வழிக்குப் பூமி. தந்திக் கருவிக்குத் தட்டலைத் தவிர வேறெதுவும் தெரியாது, ஆகவே அதற்கு இது போதுமாக இருந்தது. டெலிபோனோ எல்லாவற்றையும் ஒட்டுக்கேட்டது. பக்கத்துக் கம்பியின் மோர்ஸ் தட்டல்கள் அதில் விழுந்தன. தெருவுக்கு ஆர்க் விளக்குகள் வந்ததும் அவற்றின் சீற்றம் விழுந்தது. 1888-இல் வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்டில் பிராங்க் ஸ்பிரேக் மின்சார டிராம்களை ஓட்டிக் காட்டினார். அடுத்த சில ஆண்டுகளில் ஊருக்கு ஊர் டிராம். மேலே ஒரு கம்பியில் மின்சாரத்தை வாங்கி, தண்டவாளத்திலும் பூமியிலுமாகத் திருப்பிவிட்டார்கள். டெலிபோனும் அதே பூமியைத்தான் நம்பியிருந்தது. டிராம் கிளம்பும்போதெல்லாம் அந்தத் தெருவின் டெலிபோன்கள் உறுமின.

சின்சினாட்டியில் விவகாரம் வழக்காகவே ஆனது. 1891-இல் ஒஹையோ உச்ச நீதிமன்றம் டிராம் கம்பெனி பக்கம் நின்றது. தெரு முதலில் போக்குவரத்துக்கு. பூமியைத் திரும்பும் வழியாகப் பயன்படுத்துவதில் தனக்கே உரிமை என்று டெலிபோன் கம்பெனி கேட்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். தோற்ற கட்சிக்கு இதைவிட நல்ல தீர்ப்பு கிடைத்திருக்காது என்பது என் எண்ணம். வென்றிருந்தால் ஒற்றைக் கம்பியிலேயே இன்னும் இருபது ஆண்டு தொங்கிக்கொண்டிருப்பார்கள்.

ஏனென்றால் மருந்து அவர்கள் கையிலேயே இருந்தது. 1881-இலேயே பெல் அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்: பூமியை விட்டுவிட்டு, போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி என்று இரண்டு போட்டு, இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கிவிடுவது. வெளியிலிருந்து வரும் சத்தம் இரண்டிலும் ஒரே அளவில் ஏறும். ரிசீவருக்குள் ஒன்றை ஒன்று கழித்துவிடும். ஜான் கார்ட்டி என்ற இளைஞர் 1880-களின் தொடக்கத்தில் பாஸ்டனிலிருந்து பிராவிடன்ஸ் போகும் தடத்தில் இரண்டு கம்பிகளை இப்படி இணைத்தபோது லைன் அமைதியாகிவிட்டது என்று டெலிபோன் வரலாற்றில் எழுதிவைத்திருக்கிறார்கள். பின்னாளில் பெல் டெலிபோன் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக உயர்ந்தவர் அவர். கம்பத்தில் கட்டும் கம்பிகளை முறுக்க முடியாது. அதனால் சில கம்பங்களுக்கு ஒருமுறை இரண்டு கம்பியும் இடம் மாறிக்கொள்ளும்படி கட்டினார்கள். முறுக்கின் வேலையைக் கம்பங்கள் செய்தன. செலவு மட்டும் இரட்டிப்பு. நகரங்கள் அந்தச் செலவை ஏற்றுக்கொண்டன. கிராமத்து விவசாயிகள் கூடிக் கட்டிய சிறிய லைன்கள் ஏற்கவில்லை. அவை ஒற்றைக் கம்பியிலேயே நின்றன.

அடுத்த பெரிய மோதல் கலிபோர்னியாவில். சியரா நெவாடா மலையில் அருவிகளிலிருந்து எடுத்த மின்சாரம் நீண்ட உயரழுத்தக் கம்பிகளில் நகரங்களுக்கு இறங்கி வந்தது. பள்ளத்தாக்கில் அதே பாதையை டெலிபோன் கம்பிகளும் மைல் கணக்காகப் பகிர்ந்துகொண்டன. 1912-இல் அந்த மாநிலத்து ரயில்வே கமிஷன் மின்சாரக் கம்பெனிகள், டெலிபோன் கம்பெனிகள், ரயில்வேக்கள் எல்லாரையும் ஒரே குழுவில் உட்கார வைத்தது. வாதாடுவதை நிறுத்திவிட்டு அளந்து பாருங்கள் என்பதுதான் அடிப்படை. அவர்கள் ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். 1919-இல் அச்சான அறிக்கை ஒரு தடித்த புத்தகம். இத்துறையின் முதல் வேதம் என்று சொன்னால் மிகையில்லை.

அதில் தெளிவான உண்மை ஒன்று. மூன்று ஃபேஸ் கம்பிகளில் மின்னோட்டம் ஒன்றுக்குப் பின் ஒன்றாக, சம இடைவெளி விட்டு ஏறி இறங்குகிறது. மூன்றையும் கூட்டினால் பூச்சியம். தூரத்திலிருந்து பார்க்கும் டெலிபோன் கம்பிக்கு அங்கே எதுவும் ஓடாத மாதிரிதான் இருக்கும். மிச்சமுள்ள சிறிய தொந்தரவை மின்கம்பிகளையும் இடம் மாற்றிக் கட்டிச் சரிசெய்துவிடலாம். ஆனால் மூன்றால் வகுபடும் ஹார்மோனிக்குகள், அதாவது 180, 540, 900 போன்றவை, மூன்று கம்பியிலும் ஒரே நேரத்தில் ஏறி ஒரே நேரத்தில் இறங்குகின்றன. கூட்டினால் மூன்று மடங்கு. கம்பிகளை எத்தனை முறை இடம் மாற்றினாலும் இவை அசைந்துகொடுக்காது. இவை திரும்பிப் போக ஒரே வழி நியூட்ரல் என்ற திரும்பும் கம்பியும் பூமியும்தான்.

பூமிக்குள் போன மின்னோட்டம் எங்கே ஓடுகிறது? இதைக் கணக்கிட்டவர் டெலிபோன் கம்பெனியில் இருந்த கணிதர் ஜான் கார்சன். 1926-இல் பெல் நிறுவனத்தின் ஆய்விதழில் வந்த அவர் கட்டுரையின் சூத்திரங்கள் இன்றைக்கும் மின்தொடர்களைக் கணக்கிடும் மென்பொருள்களுக்குள் உட்கார்ந்திருக்கின்றன. அதிலிருந்து வரும் கணக்கு ஒன்று: நடுத்தரமான மண்ணில், பூமி வழியாகத் திரும்பும் 60 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் தரைக்குக் கீழே சுமார் 850 மீட்டரில் புதைத்த ஒரு கம்பி போல நடந்துகொள்ளும்; 540 ஹெர்ட்ஸ் என்றால் சுமார் 280 மீட்டர். மேலே கம்பத்தில் போகும் கம்பி, கீழே கால் கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில் திரும்பும் பாதை. இரண்டுக்கும் நடுவில் பிரம்மாண்டமான ஒரு வளையம். சாலையோர டெலிபோன் கம்பி அந்த வளையத்துக்குள்ளேயே கிடக்கிறது. இந்தப் பக்கம் பத்தடி தள்ளிப் போட்டால் தப்பித்துவிடலாம் என்பவர்களுக்குக் கார்சன் சொன்ன பதில் கசப்பானது.

பிறகுதான் 540 தன் முழு வளர்ச்சியை அடைந்தது. 1935-இல் அமெரிக்கப் பண்ணைகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. அந்த ஆண்டு ரூஸ்வெல்ட் அரசு கிராம மின்மயத்துக்கென ஒரு தனி அமைப்பைத் தொடங்கியது, ஆர்.இ.ஏ. என்று அழைத்தார்கள். கூட்டுறவுச் சங்கங்கள் கடன் வாங்கி, குறைந்த செலவில் லைன் இழுத்தன. மேலே ஒரு ஃபேஸ், 7200 வோல்ட். கீழே ஒரு நியூட்ரல். நியூட்ரலை மைலுக்கு நான்கு இடத்திலாவது எர்த் செய்வது. சிக்கனமான, பாதுகாப்பான, அருமையான ஏற்பாடு. ஆனால் வீட்டுக்கு வீடு தொங்கும் டிரான்ஸ்பார்மர்கள் எல்லாம் ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் மாட்டியவை. அவற்றில் பிறக்கும் 540 ஒவ்வொன்றும் நேராக நியூட்ரலில் இறங்கி, அங்கிருந்து பூமிக்குள் கசிந்தது. ரீங்காரத்துக்கு இதைவிடச் சௌகரியமான சாலை எவராலும் போட்டுத் தர முடியாது.

எதிரே இருந்தது விவசாயிகளின் ஒற்றைக் கம்பி. 1920-இல் அமெரிக்கப் பண்ணைகளில் ஏறக்குறைய நூற்றுக்கு 39-இல் டெலிபோன் இருந்தது; 1940-இல் அது 25-ஆகச் சரிந்தது. முதல் காரணம் பெருமந்தத்தின் வறுமை, அதில் சந்தேகமில்லை. ஆனால் மின்கம்பி வந்த பிறகு, மிச்சம் இருந்த பூமி வழி லைன்கள் பலவற்றில் பேசவே முடியாமல் போனது. இரண்டாவது கம்பி இழுக்கும் செலவு யாருடையது என்று ஊருக்கு ஊர் இழுபறி. விளக்கு வந்தது, பேச்சு போனது. 1949-இல் அதே ஆர்.இ.ஏ.வுக்கு டெலிபோனுக்கும் கடன் கொடுக்கும் அதிகாரம் வந்தது. இரண்டு கம்பெனிகளுக்கும் கடன் கொடுப்பவர் ஒருவரே! சமரசத்துக்கு இது எவ்வளவு உதவியிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

இரண்டு கம்பி, முறுக்கிய கேபிள் எல்லாம் வந்த பிறகும் 540 சாகவில்லை. முறுக்கு தடுப்பது இரு கம்பிகளுக்கும் இடையிலான வித்தியாசத்தை மட்டுமே. இரண்டிலும் சேர்ந்தாற்போல், பூமிக்கு எதிராக ஏறும் வோல்டேஜ் அப்படியே நிற்கும். இரு கம்பியும் அச்சுப் பிசகாமல் ஒத்திருக்கும்வரை காதுக்கு ஒன்றும் தெரியாது. ஓர் இணைப்பில் லேசாகத் துரு ஏறட்டும், ஒரு கம்பியில் மட்டும் ஈரம் இறங்கட்டும், வித்தியாசம் பிறந்துவிடும். ரீங்காரம் உள்ளே நுழைந்துவிடும். இதற்கு அமெரிக்கக் கிராம டெலிபோன்காரர்கள் மனப்பாடமாக வைத்திருந்த கழித்தல் கணக்கு ஒன்று உண்டு. மின்கம்பி லைனில் ஏற்றும் சத்தம் 80 டெசிபலைத் தாண்டக் கூடாது. லைனின் பேலன்ஸ், அதாவது இரு கம்பியும் ஒத்திருக்கும் அளவு, 60-க்குக் குறையக் கூடாது. அப்போது காதில் விழுவது 20-க்குள் நிற்கும். 80-ஐத் தாண்டினால் மின்சாரக்காரரிடம் போ. 60-க்குக் குறைந்தால் உன் லைனை முதலில் பார்.

இந்த இரண்டாவது வாக்கியம் பல டெலிபோன்காரர்களுக்குப் பிடிக்காதது. பார்ட்டி லைன் என்ற ஏற்பாட்டில் நான்கைந்து வீடுகள் ஒரே லைனைப் பகிர்ந்துகொண்டன. யாருக்கு அழைப்போ அவர் வீட்டு மணி மட்டும் அடிக்க வேண்டும் என்பதற்காக மணியின் ஒரு முனையை ஒரு கம்பியிலும் மறுமுனையை எர்த்திலும் மாட்டினார்கள். அதோடு லைன் ஒரு பக்கம் சாய்ந்தது. ஊரிலுள்ள அத்தனை 540-க்கும் கதவைத் திறந்துவைத்துவிட்டு மின்சாரக் கூட்டுறவுச் சங்கத்தின் மேல் புகார் எழுதிய டெலிபோன் கம்பெனிகள் உண்டு. தனி லைன்கள் பெருகி, மணி இரு கம்பிகளுக்கும் நடுவில் மாறியபோது பல ஊர்களில் சத்தம் தானாக அடங்கியது.

கேபிளின் உறைக்கும் இதில் பங்கு உண்டு. உள்ளே சுற்றியிருக்கும் உலோகத் தகட்டை இரு முனையிலும் வழியிலும் எர்த் செய்தால், 540 அதிலும் மின்னோட்டத்தைத் தூண்டும். அந்த மின்னோட்டம் எதிர்த்திசையில் ஓடி, உள்ளே இருக்கும் கம்பிகளுக்கு ஓரளவு காவல் நிற்கும். கேபிளை ஒட்டுப்போடும்போது உறையை இணைக்க மறந்துவிட்டால் காவல் அந்த இடத்தோடு முடிந்தது. அனுபவசாலிகள் எதையும் தொடுவதற்கு முன் உறை தொடர்ச்சியாக இருக்கிறதா என்றுதான் சோதிப்பார்கள்.

இத்தனையும் சரியாக இருந்து, அளவு 80-ஐத் தாண்டியே நின்றால் வேட்டை மின்கம்பிப் பக்கம் திரும்பும். பெரும்பாலும் அகப்படும் குற்றவாளி ஒரு கெபாசிட்டர் பேங்க். நீளமான லைனின் கடைசியில் வோல்டேஜ் சரியாமல் இருக்கவும், நீர்ப்பாசன மோட்டார்களுக்கு ஈடுகொடுக்கவும் கம்பத்தில் கெபாசிட்டர்களை மாட்டுவார்கள். கெபாசிட்டர் ஹார்மோனிக்கை உண்டாக்குவதில்லை. ஆனால் லைனில் இயல்பாக இருக்கும் இண்டக்டன்ஸோடு சேர்ந்து அது ஏதாவது ஓர் அலைவெண்ணுக்குச் சுருதி சேர்ந்துவிடும். அந்தச் சுருதி 540-க்குப் பக்கத்தில் விழுந்துவிட்டால், சுற்றுவட்டார டிரான்ஸ்பார்மர்களின் பொடிப்பொடி 540-கள் எல்லாம் பெருகி, அந்த பேங்க்கின் நியூட்ரல் வழியாகப் பூமிக்குள் பாயும்.

வேட்டை முறை எளிது. மின்சாரக்காரர் நீண்ட காப்புக் கழியால் ஒவ்வொரு பேங்க்காகக் கழற்றிக்கொண்டே போவார். டெலிபோன்காரர் தன் பெட்டியருகே மீட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பார். எந்த பேங்க் விலகும்போது முள் சடாரென்று விழுகிறதோ அதுதான். சில சமயம் அந்த பேங்க்கில் ஒரு ஃபேஸின் ஃபியூஸ் எப்போதோ போயிருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். புது ஃபியூஸ் போட்டால் கதை முடிந்தது. அப்படி இல்லையென்றால் பேங்க்கை வேறு கம்பத்துக்கு மாற்றலாம், அளவை மாற்றலாம், நியூட்ரலின் எர்த்தையே கழற்றிவிடலாம். கடைசி வழி ஒரே மூச்சில் 540-இன் பாதையை அடைக்கும். அதற்கு மின்சாரக்காரர் தயங்குவார். எர்த் இல்லாத பேங்க்கில் ஒரு ஃபியூஸ் போனால் மற்ற ஃபேஸ்களின் வோல்டேஜ் நிலை தடுமாறும். அவர் பயமும் நியாயமானது. அதற்காகவே நியூட்ரலில் 540-ஐ மட்டும் மறிக்கும் ரியாக்டர்களும் வந்தன. மின்பக்கம் எதுவும் நடக்காத இடங்களில் டெலிபோன் பக்கமே ஒரு கருவியை மாட்டினார்கள்: கேபிளின் கம்பிகளை ஓர் இரும்புக் கோரில் சுற்றி, அவற்றில் சில இணைகளை மட்டும் இரு முனையிலும் எர்த் செய்துவிட்டால், அவற்றில் ஓடும் திருட்டு மின்னோட்டமே மற்ற இணைகளில் ஏறியதற்கு எதிரான வோல்டேஜை உண்டாக்கும். வந்த ரீங்காரத்தை வைத்தே அதை அடிக்கும் தந்திரம். எனக்கு மிகப் பிடித்தது.

நம் ஊரில் 50 ஹெர்ட்ஸ். ஒன்பதாவது மடங்கு 450. ஆனால் அமெரிக்கப் பண்ணைகளைப் போன்ற தொல்லை இங்கே அவ்வளவாக எழவில்லை. நம் 11 கிலோவோல்ட் லைன்களில் பெரும்பாலும் மூன்று கம்பிதான், நியூட்ரல் கிடையாது. டிரான்ஸ்பார்மரின் உயரழுத்தப் பக்கம் டெல்டாவாக, அதாவது மூன்று சுருளும் ஒரே முக்கோண வளையமாகச் சேரும்படி, சுற்றியது. மூன்றால் வகுபடும் ஹார்மோனிக்குகள் அந்த டெல்டாவுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி அடங்கிவிடும். இங்கே தொல்லை தந்தது ரயில். ஒற்றை ஃபேஸ் 25 கிலோவோல்ட்டை மேலே வாங்கித் தண்டவாளத்திலும் பூமியிலும் திருப்பிவிடும் முறை, அந்தப் பழைய டிராமின் பேரன்தான். 1960-களில் சென்னை கடற்கரை–தாம்பரம் தடம் 1500 வோல்ட் டி.சி.யிலிருந்து இந்த முறைக்கு மாறியது. பூஸ்டர் டிரான்ஸ்பார்மர்களால் மின்னோட்டத்தைப் பூமிக்குள் போகவிடாமல் மேலேயே ஒரு கம்பியில் இழுத்துப் பிடிப்பதும், தடத்தோரத் தந்தி, டெலிபோன் கம்பிகளை இறக்கிக் கேபிளாகப் புதைப்பதும் இந்திய ரயில்வே கைக்கொண்ட மருந்துகள். புது உயரழுத்த லைன் போடுவதென்றால் மின்வாரியமும் தொலைத்தொடர்புத் துறையும் சேர்ந்த பி.டி.சி.சி. என்ற குழுவின் அனுமதி வாங்க வேண்டும் என்ற ஏற்பாடும் இருக்கிறது. மின்வாரியப் பொறியாளர்களிடம் அந்த நான்கு எழுத்தைச் சொன்னால் ஒரு பெருமூச்சு வரும்.

டிரான்ஸ்பார்மருக்குப் பிறகு ஹார்மோனிக்கின் புதிய பெற்றோர் ரெக்டிஃபயர்கள். முதலில் அலுமினிய ஆலைகளின் பாதரச ரெக்டிஃபயர், பிறகு தைரிஸ்டர், இப்போது மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவ். இவை உண்டாக்குபவை பெரும்பாலும் 5, 7, 11, 13-ஆம் மடங்குகள். இன்னொரு பக்கம் டெலிபோன் ஃபைபருக்கு மாறிவிட்டது. கண்ணாடி இழையில் எந்த வோல்டேஜும் ஏறாது. மிஞ்சியிருக்கும் தாமிரம் வீட்டு வாசல்வரை வரும் கடைசித் துண்டு மட்டுமே.

ஆனாலும் அந்தப் பழைய எடைப் பட்டியல் போகவில்லை. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூர் வரை 800 கிலோவோல்ட்டில் 6000 மெகாவாட்டைக் கொண்டுவரும் டி.சி. லைன் போன்றவற்றில், இரு முனையிலும் ஏ.சி.–டி.சி. மாற்று நிலையங்கள் நிற்கின்றன. இவ்வகை நிலையங்கள் டி.சி. பக்கத்தில் பன்னிரண்டின் மடங்குகளை உண்டாக்கும். 50 ஹெர்ட்ஸ் நாட்டில் 600, 1200. டெலிபோனுக்கு மிகவும் எரிச்சலூட்டும் பகுதியிலேயே போய் விழும் எண்கள். ஆயிரக்கணக்கான ஆம்பியர் ஓடும் இவ்வகைக் கம்பிகளுக்கு ஃபில்டர் வடிவமைக்கிறவர்கள், ஒவ்வொரு ஹார்மோனிக்கையும் டெலிபோன் காதின் எடையால் பெருக்கி, கூட்டி, எத்தனை மில்லி ஆம்பியர் தொந்தரவு மிஞ்சுகிறது என்று இன்றும் கணக்குக் காட்டுகிறார்கள்.